பாவைத் தூக்கியது யார்? உறையூர்த் தறியில் விழுதும் மிதியும்

தறியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஊடையை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவின் பின்னால் போகிறார்கள். 1733இல் ஜான் கே இங்கிலாந்தில் விசைநாடாவுக்குக் காப்புரிமை பெற்றதில் தொடங்கி, நீராவிக்கும் ஆலைக்கும் அந்த வரலாறு விரைந்துவிடுகிறது. ஆனால் நாடா ஓடுவதற்கு முன், நீளவாக்கில் விரிந்த பாவு நூல்கள் இரண்டு அடுக்காகப் பிரிந்து வாய் திறக்க வேண்டும். ஊடை ஓடி முடிந்ததும் மேலடுக்கு கீழாகவும் கீழடுக்கு மேலாகவும் மாற வேண்டும். நூல் துணியாவது இந்த மாற்றத்தில்தான். பாவைத் தூக்கியது யார், எதைக் கொண்டு தூக்கினார் என்று கேட்டுத் திருச்சிராப்பள்ளி வட்டாரத் தறிகளைப் பார்த்தால், கருவி மாறிய ஒவ்வொரு முறையும் சுமை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு மாறியிருப்பதைக் காணலாம். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

திருச்சியின் பகுதியான உறையூரின் துணி பழம்புகழ் உடையது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடல் பெரிப்ளஸ்', ஆர்கரு என்னும் உள்நாட்டு ஊரின் மெல்லிய துணிகளைக் குறிப்பிடுகிறது. அந்த ஆர்கரு உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1965-69 ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கு நடத்திய அகழாய்வில் செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. மரமும் பருத்தி இழையும் மண்ணில் தங்குவதில்லை. ஆகவே பழந்தறியைப் பற்றி ஊகிக்க நமக்கு மிஞ்சியிருப்பது அண்மைக்காலம் வரை புழங்கிய குழித்தறிதான்.

துணிக்கான தேவை காவிரி ஆற்றுக்கு அக்கரையிலும் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் கைசிக ஏகாதசி இரவில் உற்சவரான நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுகிறார்கள். பங்குனித் திருவிழாவில் அவரே உறையூர் கமலவல்லி நாச்சியார் சந்நிதிக்கு எழுந்தருளுகிறார். வேட்டியையும் சேலையையும் நாள்தோறும் கேட்கும் கோயில் ஒருபுறமும் தறிக்கார ஊர் மறுபுறமுமாக இருந்த இந்த உறவு, தனியே ஆராயத்தக்க பொருள்.

குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிடுகிறார். குழியில் இரண்டு மிதிகள். அவற்றோடு இரண்டு விழுதுகள் கயிற்றால் இணைந்திருக்கும். ஒற்றைப்படை இழைகள் ஒரு விழுதிலும் இரட்டைப்படை இழைகள் மற்றதிலும் கோக்கப்பட்டிருக்கும். இரு விழுதுகளும் மேலே ஒரே உருளையிலோ கவைக்கோலிலோ தொங்குவதால், ஒரு மிதியை அழுத்தினால் ஒன்று இறங்கும், மற்றது தானாக ஏறும். விழுது என்பது பருத்தி நூல் வளையங்களின் வரிசை. மேல் வளையமும் கீழ் வளையமும் ஒன்றையொன்று பற்றியிருக்க, இடையில் பாவு இழை சிக்கி நிற்கும். இரும்பு கிடையாது, பல்சக்கரம் கிடையாது. அழுத்தம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பதைப் பாதமே முடிவுசெய்கிறது.

இந்த எளிமையைப் பின்தங்கிய நிலை என்று படிப்பது தவறு. வாய் திறக்கும்போது ஒவ்வொரு இழையும் நேர்கோட்டை விட்டு முக்கோணத்தின் இரு பக்கங்களாக வளைகிறது, அதனால் நீள்கிறது. திறப்பின் உயரம் இரண்டு மடங்கானால் இந்த நீட்சி ஏறத்தாழ நான்கு மடங்காகும். பாவு நீளமாக விரிந்திருந்தால் அதே உயரத்திற்கு நீட்சி குறையும். நாட்டுத்தறியின் பாவு இறுக்கிச் சுற்றிய உருளையில் அடைபடாமல், பல கஜ தூரம் நீண்டு தொலைவில் ஒரு முளையில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. நீண்ட பாவு, தாழ்ந்த திறப்பு, இணங்கிப்போகும் கயிறு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் மெல்லிய பருத்தி இழையை அறாமல் காத்தன. பெரிப்ளஸ் காலத்து மெல்லிய துணியும் இப்படிப்பட்ட ஏற்பாடு இல்லாமல் பிறந்திருக்காது என்று கருதுகிறேன்.

சிக்கல் கரையில் தொடங்குகிறது. சேலையின் உடல் பகுதிக்கு இரண்டு விழுதுகள் போதும். கரையில் பூவோ கொடியோ வேண்டுமென்றால், கூடுதல் பாவு இழைகளை ஒவ்வொரு ஊடைக்கும் வேறு வேறு தொகுதியாகத் தூக்க வேண்டும். தமிழகத்தில் இதற்கு 'அடை' என்ற ஏற்பாடு இருந்தது. காஞ்சிபுரத்தில் 'ஜுங்கு' என்பதும் வழங்கியது. வடிவம் கயிறுகளில் முன்கூட்டியே கட்டிவைக்கப்பட்டிருக்கும். உதவியாள் ஒருவர் உரிய கயிற்றை இழுக்க, நெசவாளர் ஊடையை ஓட்டுவார். இழுத்தது பெரும்பாலும் சிறுவன். தறியின் அழகைப் போற்றும் நூல்கள் இந்தச் சிறுவனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நாள் முழுதும் கயிறு இழுத்த அந்தக் கைகள் இல்லாமல் அந்தக் கரைகள் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசு தறியைத் திருத்த முனைந்தது. அவ்வரசின் அதிகாரி ஆல்ஃபிரட் சாட்டர்ட்டனின் முயற்சியில் 1906இல் சேலத்தில் அரசு நெசவுச்சாலை ஒன்று எழுந்தது. அங்கு பரப்ப நினைத்தது விசைநாடாவை. விசைநாடா கையை விடுவித்து ஊடையை வேகப்படுத்தியது. ஆனால் வாய் திறந்தால்தான் நாடா ஓடும். கை விரைந்த அளவுக்குக் காலும் விரைந்து மிதிக்க வேண்டியதாயிற்று. இந்தக் கணக்கை எந்தச் சீர்திருத்தக்காரரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

பிறகு, விழுதுகளை வடிவத்துக்கேற்ற வரிசையில் தூக்கும் டாபியும், இழைகளைத் தனித்தனியாகத் தூக்கும் ஜக்கார்டும் வந்தன. பிரான்சில் பூஷோன், ஃபால்கோன், வோகான்சோன் ஆகியோர் துளைத்தாளையும் துளையட்டையும் வைத்துச் செய்த சோதனைகளை, ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் ஒரே பெட்டிக்குள் ஒன்றிணைத்தார். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி ஏறும், துளை இல்லாத இடத்தில் ஏறாது. கயிறு இழுத்த உதவியாளின் இடத்தை அட்டைக் கோவை எடுத்துக்கொண்டது. இது பெரிய விடுதலை, அதில் ஐயமில்லை. ஆயினும் கொக்கிகளையும் அவற்றில் தொங்கும் எடைகளையும் சேர்த்துத் தூக்கியது நெசவாளரின் ஒற்றைக் கால். சிறுவனின் தோளிலிருந்து இறங்கிய சுமை பெரியவரின் முழங்காலில் ஏறியது.

இதுவரை பார்த்த முறைகளில் பாவு மேலும் கீழும் மட்டுமே நகர்ந்தது; பாவு இழைகள் தமக்குள்ளேயே குறுக்கிடும் முறை ஒன்றும் உண்டு. லீனோ நெசவில் ஓர் இழை பக்கத்து இழையின் இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறி எழுந்து ஊடையைக் கவ்வும். இழைகள் விலகி நின்றாலும் துணி நழுவாது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் இறங்கும் வலைமூட்டைகள் பலவற்றில் இந்தப் பின்னலைப் பார்க்கலாம். நாடா இல்லாத விசைத்தறிகளுக்கும் இது வேண்டியிருக்கிறது. அவற்றில் ஊடை திரும்பி வராமல் ஓரத்தில் வெட்டுப்படுவதால், ஓர இழைகளை முறுக்கிப் பூட்ட லீனோக் கருவி பொருத்துகிறார்கள். உறையூர்ச் சேலையின் ஓரத்தில் ஊடை தானே வளைந்து திரும்புவதால் அங்கே அதற்கு வேலையில்லை.

சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிய 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இந்த வரலாற்றை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. உச்ச நீதிமன்றம் 1993இல் அச்சட்டத்தை உறுதிசெய்தது. முதலில் 22 ஆக இருந்த ஒதுக்கீட்டு வகைகள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. கரையிலோ முந்தியிலோ கூடுதல் பாவு, கூடுதல் ஊடை வேலைப்பாடுள்ள சேலை அவற்றுள் ஒன்று. அதாவது, பாவைத் தனித்தனியாகத் தூக்கும் திறனே சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், ஒரு வேலையாவது மனித ஆற்றலால் நடந்தால் அது கைத்தறியே என்று வரையறையை மாற்ற ஒரு யோசனை எழுந்தது. நெசவாளர்கள் எதிர்த்தார்கள், விசைத்தறி அல்லாத தறியே கைத்தறி என்ற பழைய வரையறை நீடிக்கிறது.

அதே நேரத்தில், காற்றழுத்தத்தால் ஜக்கார்டைத் தூக்கும் கருவிகளுக்கு ஒன்றிய அரசு மானியம் தருகிறது. முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு இந்தக் கருவியை மறுப்பது கொடுமை. வரையறையைத் தளர்த்தி, மோட்டார் தறிக்குக் கைத்தறி முத்திரை தருவதோ அவர் பிழைப்பையே பறிப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல், பாவைத் தூக்கும் வேலைக்கு மட்டும் துணைவிசையை அனுமதித்து, ஊடையையும் அதை அடித்து நெருக்கும் அச்சையும் கையிடமே விடும் தெளிவான விதி தேவை.

உறையூரிலும் காவிரி வடகரையின் மணமேட்டிலும் கூட்டுறவின் துணையோடு நெய்பவர்களில் பலர் முதியவர்கள். விழுது கட்டும் முறை, மிதிக்கயிற்றின் நீளம், பாவின் திறப்பு உயரம் ஆகியவற்றை அளந்து, படமெடுத்து, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே பதிவுசெய்யும் பணியைத் திருச்சியின் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இப்போதே தொடங்க வேண்டும்.