புள்ளலூர்ச் சண்டை சுவரேறிய கதை

2022 மார்ச்சில் லண்டன் சோதபி ஏலத்தில் ஓர் ஓவியம் 6,30,000 பவுண்டுக்குப் போனது. பத்துத் தாள்களில் தீட்டியது. நீளம் ஏறத்தாழ 32 அடி. அதில் இருப்பது நம் பக்கத்துச் சண்டை. சுங்குவார்சத்திரத்துக்கு அதிக தூரமில்லாத, பரந்தூரை ஒட்டிய புள்ளலூரில் நடந்தது.

1780ல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமையில் இறங்கியது. அதைத் தடுக்கக் குண்டூரிலிருந்து வந்த கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் பெய்லி, கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்த அன்றே கடந்திருக்கலாம். வடகரையில் கூடாரம் அடித்தார். மறுநாள் வெள்ளம், பத்து நாள் வீணாகப் போயிற்று. 1764ல் பக்சாரில் வென்று பேர் வாங்கிய சர் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தார். முழுப்படையோடு கிளம்பாமல், உதவிக்கு ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். செப்டம்பர் 10ஆம் தேதி வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடிக்க, சுமார் 3,800 பேர் கொண்ட கும்பினிப் படை குலைந்தது. மன்றோவோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

1784ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் ஹைதரின் மகன் திப்பு சுல்தான் இந்தச் சண்டையைத் தீட்டச் சொன்னார். நடுவில் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிக்கிறார். பின்னால் வண்டி வெடிக்கிறது. ஹைதர் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர் லாலி தொலைநோக்கியில் பார்க்கிறார். திப்புவோ தோட்டம் பார்க்க வந்தவர் போல ரோஜாவை முகர்கிறார். வெற்றியைக் கொண்டாடும் படம்தான். ஆனாலும் தோற்ற தளபதியின் விழி பிதுங்கலைத்தான் ஓவியர் ரசித்து வரைந்திருக்கிறார்.

அந்தச் சுவர் பட்ட பாடு பெரிது. 1799ல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிடும் முன்பே ஓவியம் சிதைக்கப்பட்டது. முற்றுகைக்குப் பிறகு மாளிகையில் குடியிருந்த ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி அதைச் சீர்செய்ய வைத்தார். பிறகு யாரோ சுண்ணாம்பு அடித்தார்கள். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு வந்து பார்த்து, பழைய படம் நினைவில் இருந்த ஓர் ஓவியரைக் கொண்டு மீண்டும் தீட்டச் செய்தார். தங்களைக் கேலி செய்த படத்தை வெள்ளைக்காரர்களே இரண்டு முறை காப்பாற்றினார்கள். தாளில் தீட்டிய ஒரு பிரதியை கேப்டன் ஜான் வில்லியம் ஃப்ரீஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். லண்டனில் ஏலம் போனது அதுதான்.

இந்தக் கேலி மேலே இருந்தவர்களுக்கானது. பல்லக்கில் இருந்தவர் செய்த தவறுக்கு உயிர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்கள் பேர் எந்தச் சுவரிலும் இல்லை.

ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர்கள் மேற்குச் சுவர் முன் சற்று நேரம் நில்லுங்கள். அந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்துப் பள்ளிகளுக்கு வரவேண்டும். சண்டை நடந்த மண்ணின் பிள்ளைகள்தான் அதை முதலில் பார்க்க வேண்டியவர்கள்.