நாளைப்போவார்

1990-களில் எங்கள் ஒக்கலிபுரத்தில் ஒரு பேய் உலவியது. பெங்களூரு முழுக்கவே உலவியது. இரவில் வந்து கதவைத் தட்டும். நமக்கு வேண்டியவர்கள் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். திறந்தால் போச்சு. அதற்கு ஊர் கண்ட மருந்து, கதவில் கன்னடத்தில் 'நாளே பா' என்று எழுதி வைப்பது. நாளைக்கு வா. பேய் வந்து படிக்கும், திரும்பிப் போகும், மறுநாள் வந்து மறுபடி படிக்கும். தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் வீட்டு வரிசையில் பெரியவர்கள் பலருக்கு எழுத்தே தெரியாது. நான் கன்னடப் பள்ளியில் படித்தவன். சாக்பீசை எடுத்துக்கொண்டு எல்லாக் கதவுகளுக்கும் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

பேய் உலவிய அதே வருஷம் விதவைப் பென்ஷனுக்காக ஆயாவை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளைக் கையில்கூட வாங்காமல், "நாளே பா அஜ்ஜி" என்றார். மறுநாளும் அதே பதில். நான்காம் நாள் படியிறங்கும்போது ஆயா சொன்னாள்: "நாம பேய்க்கு எழுதினத அவன் நமக்குச் சொல்றான்டா."

அன்றிலிருந்து நாளை என்ற சொல்லை நான் சும்மா கடந்து போனதில்லை.

நாள் என்பதிலிருந்து நாளை. கன்னடத்தில் நாளெ, மலையாளத்திலும் நாளெ. பழந்தமிழில் நாள் என்றால் பகல், விடியற்காலை, விண்மீன், ஒருவர் வாழும் ஆயுள் எல்லாமே. பூம்புகாரின் பகற்கடைத் தெரு நாளங்காடி. அரசன் காலையில் வீற்றிருக்கும் அவை நாளவை. ஜெர்மன்காரர்கள் காலைக்கும் நாளைக்கும் 'மோர்கன்' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் வந்துவிடுவது நாளை. அவ்வளவு பக்கத்தில் பிறந்த சொல்லை எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோனவர்கள், கதவுக்கு உள்ளே இருந்தவர்கள்.

63 நாயன்மார்களில் ஒருவருக்கு இந்தச் சொல்லே பெயராக அமைந்துவிட்டது. திருநாளைப்போவார். நம் எல்லோருக்கும் தெரிந்த நந்தனார். சின்ன வயதில் இந்தப் பெயரைத் தப்பாகப் பிரித்து, திருநாள் பார்க்கப் போகிறவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழைக் காதால் மட்டும் கற்ற பிள்ளைக்கு அப்படித்தான் கேட்கும். திரு தனி, நாளை தனி என்று பின்னால்தான் தெரிந்தது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கழித்த மனிதர் அவர்.

பெயர் வளர்ந்த வழியைப் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டில் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இந்தப் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஊர் இல்லை, குலம் இல்லை, நெருப்பு இல்லை. அடுத்து நம்பியாண்டார் நம்பி ஒரே பாட்டில் ஊரைச் சேர்க்கிறார், ஆதனூர். குலத்தையும் சேர்க்கிறார். அவருடைய புலை நீங்கியது, தில்லை அந்தணர் மூவாயிரவர் கைகூப்பினார்கள் என்கிறார். அப்போதும் நெருப்பு வரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் கையில்தான் தென்மதில் வாயிலுக்கு முன்னால் குழி வெட்டித் தீ மூட்டப்படுகிறது. இந்தப் பிறவி கழிய எரியில் மூழ்கி வா என்று கனவில் இறைவன் சொல்ல, நந்தனார் இறங்குகிறார். பூணூலும் சடையுமாக முனிவர் எழுகிறார். அதன் பிறகே கோயிலுக்குள் போகிறார்.

சேக்கிழாரை நான் குறைத்துச் சொல்லவில்லை. சேரியை அவர் கண்ணால் பார்த்ததுபோல எழுதியிருக்கிறார். கூரைகளில் படர்ந்த சுரைக்கொடி, கோழிக் குஞ்சுகள், தோல் உலரும் முற்றம் எல்லாம் அவர் பாட்டில் உண்டு. நந்தனாரின் தொண்டு என்ன என்பதையும் துல்லியமாகச் சொல்கிறார். கோயில் முரசுகளுக்குப் போர்க்கும் தோல், இழுத்துக் கட்டும் வார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. எங்கள் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பறையடிக்கிற அண்ணன்மார் காகிதத்தைக் கொளுத்தி, பறையின் முகத்தை அந்தச் சூட்டில் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். ஈரத்தில் தொய்ந்த தோல் இறுகும். விரல் நுனியால் ஒரு தட்டு. சரியில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சூடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆதனூர் ஞாபகம் வரும். நந்தனார் உரித்துப் பதப்படுத்திய தோல் முதல் நாளே கோயிலுக்குள் போய்விட்டது. உள்ளே நின்று முழங்கியது. அதைக் கொடுத்த கைதான் தீயில் காயவேண்டியிருந்தது.

போவார் என்பது எதிர்கால வினையாலணையும் பெயர். நாயன்மார் பலருக்குச் செய்த செயலே பெயரானது. கண்ணை அப்பியவர் கண்ணப்பர். கழுத்தில் அரிவாளைப் பூட்டியவர் அரிவாட்டாயர். மழுவால் எறிந்தவர் எறிபத்தர். அவர்கள் செய்து முடித்தார்கள், பெயர் வந்தது. நந்தனாரும் போய்ச் சேர்ந்தவர்தான். புராணமே அப்படித்தான் முடிகிறது. ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் பெயர் 'போனார்' என்று மாறவில்லை. காத்திருந்த நாட்களே பெயராக நிலைத்து, அதன் தலையில் ஒரு திருவும் ஏறிக்கொண்டது. சாமி கும்பிடுவது ஏழையை அடங்கிப் போக வைக்கிறதா என்று யாராவது கேட்டால் இந்தத் திருவைத்தான் காட்டுவேன். பக்தி அவருக்குள் ஆசையை மூட்டியது, அது பொய்யில்லை. போகவேண்டும் என்ற தவிப்பே அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அவரைக் காக்க வைத்த கொடுமையை அதே பக்தி புனிதமாக்கிவிட்டது. கொடுமை புனிதமாகிவிட்ட பிறகு அதைக் கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்?

வைத்தீசுவரன் கோயிலுக்குப் பக்கத்தில் திருப்புன்கூர். வாசலில் நின்ற நந்தனாருக்குச் சாமி தெரியவில்லை. நந்தி மறைத்தது. சிவன் நந்தியை விலகச் சொன்னார். இன்றும் அங்கே நந்தி சற்று ஒதுங்கியே கிடக்கிறது. கல் நந்தி விலகியது பெரிய அற்புதம்தான். வாசலை மறித்த மனிதர்களை விலகச் சொன்னதாகக் கதையில் இல்லை.

கன்னடத்தோடு வளர்ந்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொல் பல கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும். பால் ஹாலு, புலி ஹுலி, பூ ஹூவு. அந்தக் கணக்கில் நந்தனாரின் குலத்தார், நம் புலையர், அங்கே ஹொலெயர். புலை தீட்டு, ஹொலெயும் தீட்டு. புலம் வயல், ஹொல வயல். வயலில் பாடுபட்டவர் என்று பொருள் கொள்வதா, தீட்டானவர் என்று கொள்வதா என்ற வழக்கு இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி நடக்கிறது. உழுதவனைக் கேட்டால் முதல் பொருளைச் சொல்வான்.

வயலை நந்தன் கதைக்குள் முழுசாகக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. 1860-களின் தொடக்கத்தில் அச்சேறிய அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், பெரிய புராணத்தில் இல்லாத ஒரு வேதியர் வருகிறார். பண்ணைக்கு உடையவர். சிதம்பரம் போக உத்தரவு கேட்ட ஆளிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். நாளைக்குக் காரணம் யார் என்று இங்கேதான் முதல்முறை தெளிவாகத் தெரிகிறது. காவிரிக் கரையில் பண்ணையாட்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர் பாரதி. அந்த வேலையை ஒரே இரவில் பூதகணங்கள் முடித்துக் கொடுத்தன என்று அவரும் தெய்வத்திடமே விட்டுவிட்டது எனக்கு வருத்தம். இந்த நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வாங்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதி பலமுறை அலைந்ததை உ.வே.சா. எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழை இருக்கிறது என்று பிள்ளை தட்டிக் கழித்தார். கடைசியில் பாரதி திண்ணையில் உட்கார்ந்து பாட, உள்ளே இருந்தவர் உருகிப் பாயிரம் கொடுத்தார். நந்தன் கதையை எழுதியவருக்கும் வாசலில்தான் காத்திருப்பு.

சேக்கிழாரின் அதே 12ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டுக் கல்யாணம் என்ற நகரில் அதே சிவன் பெயரால் வேறொன்று நடந்தது. பசவண்ணர் தம்மை மாதார சென்னையனின் மகன் என்று சொல்லிக்கொண்டார். செருப்புத் தைக்கும் ஹரளய்யாவின் மகனும் பிராமணர் மதுவரசரின் மகளும் மணந்தார்கள். அரசன் பிஜ்ஜளன் இரு தந்தையரையும் கொன்றதாக வரலாறு. நாளை என்று யாரும் சொல்லாத இடத்தில் அன்றைக்கே ரத்தம் சிந்தியது. மதம் எல்லாம் அடிமைப்படுத்தும் என்று ஒரேயடியாக எழுத என் கை வராததற்குக் கல்யாணமே காரணம்.

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டத்தகாதவர்கள்' நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா என்ற ஞானியர் மூவர் நினைவுக்கும் காணிக்கையாக்கினார். அதே அம்பேத்கர் அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, காந்திக்கு எழுதிய மறுப்பில், சாதியை எதிர்த்து ஞானியர் போராடவில்லை என்று சொல்லியிருந்தார். கடவுளுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்றார்கள், மனிதருக்கு முன்னால் மனிதர் சமம் என்று சொல்லவில்லை. ஞானி சாதியைத் தாண்டலாம், சாதாரண ஆள் தாண்டக்கூடாது என்று ஜனங்களுக்குக் கற்பித்து வைத்திருந்தார்கள். வணங்கவும் செய்தார், உள்ளதைச் சொல்லவும் செய்தார். நந்தனாரைப் பற்றி இதைவிட நேர்மையாக யாரும் பேசியதாக எனக்குப் படவில்லை.

அயோத்திதாசப் பண்டிதர் இன்னொரு வழியில் போனார். நந்தன் கூலியாள் இல்லை, பௌத்த அரசன். வஞ்சகமாகக் கொல்லப்பட்டவன் என்று எழுதினார். பழைய மதம் சொன்ன கதைக்கு வேறொரு மதத்தைக் கொண்டு விடை சொன்னவர் அவர். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', அவர் மறைந்த பிறகு கோலார் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. பெங்களூரிலும் தங்கவயலிலும் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்த தமிழர்களிடம் அவருடைய பௌத்த சங்கம் வேர்விட்டிருந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சைவத் துறவிதான். ஆனாலும் பள்ளிக்குத் திருநாளைப்போவார் என்ற பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. நந்தனார் என்று வைத்தார். இன்றும் சங்கம், விடுதி, பள்ளி எதற்குப் பெயர் வைத்தாலும் சேரி மக்கள் நந்தனாரைத்தான் எடுக்கிறார்கள்.

ஆயாவுக்கு நந்தனாரைத் தெரிந்தது தண்டபாணி தேசிகர் நடித்த 1942ஆம் வருஷப் படத்தால். பெரிய புராணத்துக் கதையை நான் சொல்லச் சொல்ல, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். தீயில் இறங்கின இடத்தில் கை நின்றது. உள்ளே போயிட்டாரா என்றாள். போயிட்டார் ஆயா என்றேன். அப்புறம் பெயர்க் காரணத்தைச் சொன்னேன்.

முறத்தை ஒருமுறை புடைத்தாள். "போய்ச் சேந்த மனுசன இன்னும் என்னாத்துக்குடா போவாரு போவாருன்றாங்க? நந்தன்னு சொல்லு."