சாதிக்காயும் பினாங்கும்

பினாங்கு என்னும் பெயர் பாக்கு மரத்தினின்று பிறந்தது. எனினும், பாக்கினும் மிகுதியாக அத்தீவின் நிலத்தையும் செல்வத்தையும் மாற்றிய மரம் ஒன்று உண்டு. அதுவே சாதிக்காய் மரம்.

முகவாசம் ஐந்தனுள் ஒன்றாகத் தமிழர் பண்டே அறிந்திருந்த சாதிக்காய்க்குத் தாயகம், இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள பண்டாத் தீவுகள். 1621 இல் ஒல்லாந்தர் அத்தீவுகளைக் கைப்பற்றினர். அங்கு வாழ்ந்தோருள் பெரும்பாலோரைக் கொன்றும் துரத்தியும் அவ்வணிகத்தைத் தமக்கே உரியதாக்கிக் கொண்டனர்.

1786 இல் பினாங்கில் குடியேற்றம் நிறுவிய ஆங்கிலேயர், 1796 இல் மொலுக்கத் தீவுகளைப் பிடித்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் அங்கிருந்து சாதிக்காய்க் கன்றுகளையும் கிராம்புக் கன்றுகளையும் திரட்டிப் பினாங்குக்கு அனுப்பினார். ஆயர் ஈத்தாம் பகுதியில் வாசனைப் பயிர்த்தோட்டம் எழுந்தது. 1805 இல் கம்பெனி அதனை விற்றுவிட்ட போதிலும், தனியார் தோட்டங்களில் சாதிக்காய் தழைத்தது.

ஆயினும், நட்டவர் அனைவரும் ஒரு புதிருக்கு ஆட்பட்டனர். கன்று பூப்பதற்கு ஏறத்தாழ ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். பூத்த பின்னரே அது ஆணா, பெண்ணா என்பது புலப்படும். விதையிட்டு வளர்த்த கன்றுகளுள் ஏறக்குறையப் பாதி ஆண்மரங்களாக நின்றன, அவை காய்ப்பதில்லை.

இத்தன்மை தமிழர்க்குப் புதியதன்று. பனையில் அலகுப்பனை, பருவப்பனை என்னும் வேறுபாட்டை நாட்டுப்புற மக்கள் நன்கறிவர். ஆனால் ஆண்பனையின் பாளையும் பதநீர் தரும். சாதிக்காயின் ஆண்மரமோ மகரந்தம் ஒன்றையே தரவல்லது. அதனைப் பயனற்றதென்று அறவே வெட்டிவிட்டால், சிறு வண்டுகள் மகரந்தம் கொண்டு செல்ல வழியின்றிப் பெண்மரமும் மலடாகும். ஆதலின், பெண்மரங்கள் பத்துக்கு ஓர் ஆண்மரம் என்னும் அளவில் நிறுத்துவது பின்னர் வழக்காயிற்று.

தாவரங்களிலும் ஆண், பெண் என்னும் பால் உண்டென்பதைச் செருமானிய அறிஞர் கமராரியஸ் 1694 இலேயே சோதனை வாயிலாக நிறுவியிருந்தார். எனினும் அவ்வறிவு, கன்றின் பாலை முன்கூட்டி அறியும் வழியைத் தரவில்லை. விதை தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான பிள்ளை. அது எப்பாலாகும் என்பதை வெளித்தோற்றம் காட்டாது. ஒட்டுக்கிளையோ தாய்மரத்தின் உடற்பகுதியே. ஆதலின் தாயின் பாலும் பண்பும் அதில் மாறுவதில்லை. காய்க்கும் பெண்மரத்தின் கிளையை நாற்றில் ஒட்டும் முறையே இப்புதிருக்கு விடையாயிற்று.

பினாங்கின் பழந்தோட்டங்களோ அந்நாள்வரை நிலைக்கவில்லை. 1860 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவிய நோயால் மரங்கள் பட்டுப்போயின. ஒரே பயிரை நெருக்கி நட்ட நிலத்தில் நோய் எளிதில் தாவும் என்னும் பாடத்தைத் தோட்டக்காரர் பெரும்பொருள் இழந்து கற்றனர்.

இன்றும் பாலிக் புலாவ் பகுதியில் சாதிக்காய் மரங்கள் காய்க்கின்றன. முற்றிய காய் இரண்டாக வெடிக்கும். உள்ளே கருநிற விதையைச் செந்நிறச் சாதிபத்திரி வலைபோல் தழுவி நிற்கும். அதனை வகுப்பறையில் பிளந்து காட்டும் ஆசிரியர், தாவர நூலின் ஒரு பாடத்தையும், அவ்விதைக்காகத் தம் மண்ணை இழந்த பண்டா மக்களின் கதையையும் ஒருங்கே கற்பிக்கலாம்.