ஏரிக்குக் காவலர் யார்?

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்ந்த நம் முன்னோர் காவிரியை மட்டும் நம்பியிருக்கவில்லை. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பெய்த மழை ஓடைகளாய் இறங்கிவர, அதை ஏரிகளில் தேக்கிப் பயிர் செய்தனர். ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். மேலேயுள்ள கரை உடைந்தால் கீழேயுள்ள ஊரும் துன்புறும். ஆகவே ஏரியைக் காப்பது ஊராரின் பொதுக் கடமையாயிற்று.

இக்கடமையின் பழைமைக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று பகரும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஊரார் கூடித் தூரெடுத்துக் கரை கட்டும் வழக்கம் பிற்காலத்தில் 'குடிமராமத்து' எனப் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் நீர்நிலைகளின் பொறுப்பு அரசிடம் குவிந்தது, குடிமராமத்து தளர்ந்தது. அதை நிலைநிறுத்தச் சென்னை மாகாணத்திற்கென 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமையுணர்வோடு செய்த பணியைத் தண்டனைக்கு அஞ்சிச் செய்விக்க இயலுமா? சட்டம் ஏட்டில் இருந்தது. வழக்கமோ மெல்ல மறைந்தது.

நகரம் வளர்ந்தபோது கழனிகள் வீட்டுமனைகளாயின. ஏரிப் பாசனத்தை நம்பிய உழவர் குறைந்தனர். குழாயில் தண்ணீர் வந்தபின், ஏரியில் நீர் இருக்கிறதா என்று கேட்பாரும் இல்லை. கேட்பாரற்ற நீர்நிலைகளில் சாக்கடையும் குப்பையும் சேர்ந்தன. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சேலம் நகரின் கழிவைச் சுமந்தே நாமக்கல் மாவட்டத்தினுள் சென்று காவிரியை அடைகிறது. மேலூரார் கழித்தது கீழூராருக்குப் பங்காகக் கிடைக்கிறது!

இத்தகைய சூழலில்தான் கன்னங்குறிச்சி மூக்கனேரியின் மறுவாழ்வு நம் கவனத்திற்குரியதாகிறது. ஏறத்தாழ 58 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரியை, பியூஷ் மனுஷ் முன்னின்று நடத்திய சேலம் மக்கள் குழு 2010இல் அரசு நிர்வாகத்தின் இசைவுடன் சீரமைக்கத் தொடங்கியது. தூர்வாரிய மண் முழுவதையும் வெளியே ஏற்றிச் செல்வதென்றால் பெருஞ்செலவாகும். அம்மண்ணை ஏரிக்குள்ளேயே 40க்கும் மேற்பட்ட திட்டுகளாகக் குவித்து, அவற்றின்மேல் ஆயிரக்கணக்கான மரக்கன்றுகளை நட்டனர். மழைநீர் நிறைந்தபோது திட்டுகள் தீவுகளாயின. பறவைகளும் வந்து தங்கின. நகர மக்கள் ஏரியைத் தேடி வரலாயினர்.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. கரையில் நடைபாதையும் நிழல்மரமும் அமைப்பதால் மட்டும் நீர் தூய்மையாகிவிடாது. வீட்டுக் கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரமாகின்றன. பெருகிய பாசி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. மீன்கள் மூச்சுத் திணறி இறக்கின்றன. ஆகாயத்தாமரையும் இதே உரத்தை உண்டு தழைக்கிறது. அதை அள்ளி வெளியே குவிப்பது நன்று. ஆனால் சாக்கடை வந்துகொண்டேயிருந்தால் சில மாதங்களில் மீண்டும் படரும். அடியில் படிந்த சேற்றை அகற்றுவதும் பழைய சுமையைக் குறைக்குமேயன்றிப் புதிய கழிவைத் தடுக்காது. எனவே பூங்காக் குளத்தைத் தூய்மையாக்கும் பணி, பூங்காவின் வாயிலுக்கு வெளியே, அதற்கு நீர் கொணரும் வாய்க்காலில் தொடங்க வேண்டும்.

அந்த வாய்க்காலில் கலப்பது யாருடைய கழிவு? பெரும்பகுதி நம் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் செல்வதே. ஏரி வாரியம் இன்று இல்லை. கழனிக்காகக் காவல் நின்ற உழவரும் அகன்றுவிட்டார். அவர்கள் விட்டுச்சென்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை பல. ஆனால் அவற்றைச் செய்க என்று ஆண்டுதோறும் கேட்கும் அயலார் இல்லாத ஏரி மீண்டும் தூர்ந்துபோகும். மாலையில் கரையில் உலாவச் செல்லும் நாம், நீர் வரும் வழியையும் ஒருமுறை நடந்து பார்த்து வருவோமாக. காவல் அங்கிருந்தே தொடங்கட்டும்.