பினாங்கு நீதிமன்றமும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும்

1807ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் வழங்கப்பெற்ற நீதிச் சாசனத்தின்வழிப் பினாங்கில் நீதிமன்றம் அமைந்தது. அதற்கு முன்னர்ச் சிறு வழக்குகளை அந்தந்தச் சமூகத்தின் கப்பித்தான்களே தீர்த்து வந்தனர். குடிமக்களின் சமயத்தையும் வழக்காறுகளையும் இயன்றவரை மதிக்குமாறு சாசனம் பணித்தது; ஆயின், மன்றத்தின் மொழி ஆங்கிலம். இன்று லிட்டில் இந்தியா எனப்படும் பகுதியில் வாழ்ந்த தமிழருக்கு நீதிமன்றம் நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. அதன் மொழியோ எட்டவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பியோர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரும் மனு எழுதுவோரும் ஆவர். இவர்தம் பணியின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவன் தான் அடித்ததை ஒப்புக்கொள்வது வேறு. சட்டப்படி குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. பின்னதை ஏற்றால் முழு விசாரணையின்றியே தண்டனை விதிக்கப்படலாம். இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் மறைந்துவிடின், தற்காப்புக்காக அடித்தவனும் குற்றவாளியாவான்.

எனினும், வழக்கு நடக்கையில் மொழிபெயர்ப்பாளர் ஆலோசனை கூறுதல் நடுநிலைக்கு முரணாகும். எனவே, பிணை, பிரமாணம், மேல்முறையீடு முதலிய சொற்களின் பொருளை மக்கள் மன்றத்துக்கு வெளியே முன்கூட்டியே அறிதல் வேண்டும். தமிழாசிரியர்களும் நீதிமன்றப் பணியாளர்களும் இணைந்து இதனைப் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் கற்பித்தல் தகும் என்பது நமது முடிபு.