செவ்விசையில் விளம்பரம், ஊடகம், போட்டி: சங்கரன்கோவில் – எட்டயபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் களமும்

செவ்விசைக் கலைஞருக்கும் கேட்போருக்கும் இடையே இன்று விளம்பரம், ஊடகம், போட்டி ஆகிய மூன்றும் நிற்கின்றன. இவற்றால்தான் இசை வளர்கிறது என்போரும் உண்டு. இவற்றால்தான் கெடுகிறது என்போரும் உண்டு. இரு சாராரும் வகை பிரிக்காமல் பேசுவதால் வழக்கு தீராமல் நீள்கிறது. ஆகவே முதலில் வரையறுத்து, பின் வகைப்படுத்தி, காரணம் கண்டு, ஒழுங்கு கூற முற்படுகிறோம்.

களமாகக் கொள்வது திருவேங்கடம், சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் ஆகிய ஊர்களைக் கொண்ட கரிசல் வட்டாரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தது எட்டயபுரத்தில். சுப்பராம தீட்சிதர் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் அச்சேறியதும் அங்கேயே. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்தவர். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியை வாழ்விடமாகக் கொண்டவர். சென்னை சபாக்களுக்கு வெகு தொலைவிலுள்ள இவ்வட்டாரம் விளம்பரம், ஊடகம், போட்டி ஆகிய மூன்றின் இயல்பையும் தெளிவாகக் காட்டவல்லது.

2. வரையறை

விளம்பரமாவது, இன்னார் இன்ன இடத்தில் இன்ன பொழுதில் வாசிக்கிறார் என அறியச் செய்தல். ஊடகமாவது, நேரில் வாராதாரிடம் இசையைக் கொண்டு சேர்த்தலும், கேட்டதை விளங்க வைத்தலும். போட்டியாவது, பயில்வோரின் திறனை ஓர் அளவுகோலில் நிறுத்திப் பார்த்தல். அறிவித்தல், சேர்த்து விளக்குதல், அளத்தல் என்னும் இவை அவற்றுக்குரிய பணிகள். ஒன்று மற்றொன்றின் பணியை ஏற்றுக்கொள்வதைப் ‘பணி மயக்கம்’ என்று குறிப்போம். கலைஞர் உருவாவதில் முன்னே நிற்க வேண்டிய நிலை பின்னே தள்ளப்படுவதை ‘நிலை பிறழ்ச்சி’ என்போம். இம்மூன்றும் இயல்பிலேயே தீயவை அல்ல. தீங்கு இவ்விரண்டு பிழைகளால் விளைவது என்பதே எம் துணிபு.

3. விளம்பரத்தின் வகை

விளம்பரம் அறிவிப்புரை, ஏற்றவுரை என இருவகைப்படும். கோயில் திருவிழா நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். எந்த நாள் மண்டகப்படி, சாமி புறப்பாடு எத்தனை மணிக்கு, நாதஸ்வரம் யார், தவில் யார் என்பன அறிவிப்புரை. பெயருக்கு முன் வரிசையாக நிற்கும் பட்டங்கள் ஏற்றவுரை. முன்னது கேட்பவரை மேளத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தி விலகிக்கொள்கிறது. பின்னதோ கேட்கும் முன்பே மதிப்பை முடிவு செய்துவிடுகிறது. அளத்தல் போட்டிக்கும் அவைக்கும் உரியது. அதை விளம்பரம் ஏற்பது பணி மயக்கத்தின் முதல் வகை. கலைஞரின் பெயர் சிறுத்து, பணம் தந்த நிறுவனத்தின் பெயர் பெருத்து நிற்கும் தட்டி அதன் முதிர்ந்த வடிவம்.

4. ஊடகத்தின் வகை

ஊடகம் ஒவ்வொன்றும் தான் ஏந்தும் இசைக்குத் தன் அளவை விதிக்கிறது. இதனை ‘வடிவக் கட்டு’ என்போம்.

அச்சு முதலாவது. சுப்பராம தீட்சிதர் சுரங்களோடு நில்லாமல் கமகங்களுக்கும் தனிக் குறிகள் அமைத்தார். அச்சு எதைத் தவறவிடும் என்று அறிந்து அதை ஈடுசெய்த முயற்சி அது. ஒலித்தட்டு இரண்டாவது. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே கடக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தட்டில் பெரும்புகழ் பெற்றது. ஆனால் அந்தத் தோடி இரவு நெடுக விரியும் முறையைத் தட்டு காட்ட இயலாது. வானொலி மூன்றாவது. 1963இல் திருநெல்வேலி நிலையம் தொடங்கியபின் இவ்வட்டாரத்து வீடுகளுக்குக் கச்சேரி அருகில் வந்தது. திரைப்படம் நான்காவது. 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்த காருகுறிச்சியாரின் நாதஸ்வரம், திருவிழாவுக்கு வராதவர் செவிக்கும் ஆபேரியைக் கொண்டு சென்றது.

இவை சேர்த்தல் பணியின் வெற்றிகள். விளக்கும் பணிக்கு ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி எழுதிய விமர்சனங்கள் சான்று. ராக லட்சணம் கல்லாதவரும் கச்சேரியைப் பற்றிச் சிந்திக்கலாம் என்ற துணிவை அவை தந்தன. இன்று சேர்த்தல் பன்மடங்கு பெருகியிருக்க, விளக்குதல் குன்றிவிட்டது. ஆடையையும் கூட்டத்தையும் விருதையும் எழுதி, வாசித்த ராகத்தை எழுதாமல் விடும் செய்தி ஏற்றவுரையின் மறுவடிவமே. இது பணி மயக்கத்தின் இரண்டாம் வகை.

5. போட்டியின் வகை

போட்டியை மூன்றாகப் பகுக்கலாம். ஒருவரை ஒரு நிலையான தரத்தோடு ஒப்பிடுவது தகுதி காண்டல். வானொலியின் குரல் தேர்வும் அதன்வழி வரும் பி, பி-ஹை, ஏ, டாப் என்னும் தரங்களும் இவ்வகை. ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது முந்துபோட்டி. சபாக்களும் பள்ளிகளும் பரிசளித்து நடத்துவன இவ்வகை. ஒருவர் வாசிப்பு மற்றவரைத் தூண்டி இருவரையும் உயர்த்துவது எதிர்வாசிப்பு. திருவிழாவில் இரண்டு செட் மேளம் மாறிமாறி வாசிப்பது இவ்வகை.

மூன்றாவதைச் சற்றே அணுகிப் பார்ப்போம். சாமி புறப்பாட்டில் மல்லாரி முடிந்து, வீதியில் ஆலாபனை தொடங்குகிறது. ஒரு செட் ராகத்தின் கீழ்ப்பகுதியில் நின்று நிதானமாக உருவம் எழுப்புகிறது. இடைவெளிகளில் தவில் ஓரிரு சொற்கட்டு கொடுத்து நிறுத்துகிறது. அடுத்த செட் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டே முன்னவர் தொடாத இடம் எது என்று கேட்கிறது. அங்கே மதிப்பெண் இல்லை. நடுவர் நாற்காலியும் இல்லை. தெருவில் நிற்பவர் நகராமல் நிற்பதே தீர்ப்பு.

முந்துபோட்டிக்கும் பயன் உண்டு: இளையோர் சாதகத்துக்கு அது ஒரு நாள் குறிக்கிறது, சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு மேடை தருகிறது. ஆயினும் அதன் சில நிமிட எல்லைக்குள் அளக்கத்தக்கவை சுருதி, தாளம், பாடம், விரைவு ஆகியனவே. ராகத்தைத் தாங்கி நிற்கும் பொறுமை அவ்வெல்லைக்குள் அடங்காது. அளந்த சிலவற்றைக் கொண்டு அளக்காத முழுமைக்கும் முதலிடம் வழங்குவது பணி மயக்கத்தின் மூன்றாம் வகை.

6. நிலைகளும் பிறழ்ச்சியும்

கலைஞர் உருவாவதில் பயிற்சி, அவையேற்பு, பரவல் என மூன்று நிலைகளைக் காண்கிறோம். காருகுறிச்சியாரிடம் இவை முறையாக அமைந்தன. ராஜரத்தினம் பிள்ளையிடம் மாணவராகி உடன்வாசித்தது பயிற்சி. கோயில்களிலும் திருமணங்களிலும் நெடுநேரம் வாசித்துப் பெற்றது அவையேற்பு. வானொலியும் திரையும் தந்தது பரவல். திரை அவரைக் கண்டபோது அவர் முதிர்ந்திருந்தார். காவடிச்சிந்தும் அவ்வாறே: கழுகுமலை முருகனை நாடிச் சென்றோர் வாயில் நிலைத்தபின் கச்சேரி மேடை ஏறியது.

இன்று பரவல் முந்திவிடுகிறது. இதுவே நிலை பிறழ்ச்சி. அதற்குக் காரணங்கள் மூன்று: பதிவு எளிதானது, பரிசு உடனே செய்தியாவது, நெடுநேரம் கேட்கும் அவை குறைந்தது. இவற்றுள் மூன்றாவதே முதற்காரணம். நெடுநேரம் கேட்பவர் இருந்தால் முன்னிரண்டும் கேடு செய்யா.

7. ஒழுங்கு

ஆதலின் நான்கு விதிகளை முன்வைக்கிறோம். ஒன்று, நோட்டீஸில் பட்டங்களைக் குறைத்து, குருவின் பெயரையும் விரிவாக வாசிக்கவிருக்கும் ராகத்தையும் அச்சிடுக. இரண்டு, இசைச் செய்தி எழுதுவோர் ஒரு ராகத்தையேனும் கேட்டு விளக்கி எழுதுக. மூன்று, நடுவர் மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் எழுத்தில் குறிப்பும் தருக. வென்றவருக்குக் கேடயத்துக்கு மேலாக முழு நேரக் கச்சேரி ஒன்றை அளிக்க. நான்கு, அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் பயிலும் மாணவரைத் திருவிழாக் குழுக்கள் மூத்த செட்டோடு உடன்வாசிக்க அழைக்க.

நான்கும் நாடுவது ஒன்றையே: கேட்போரின் தீர்ப்புத் திறனை வளர்த்தல். அத்திறன் உள்ள ஊரில் விளம்பரம் வழிகாட்டும், ஊடகம் ஆசிரியனாகும், போட்டி பயிற்சியாகும். அது இல்லாத ஊரில் இம்மூன்றும் சேர்ந்தாலும் ஒரு கலைஞரை உருவாக்க இயலாது. ஆகவே இசையைக் காக்க விழைவோர் கலைஞர்க்குச் செய்வதோடு அமையாது, கேட்பவர்க்கும் பயிற்சி அளிப்பதைத் தம் முதற்கடமையாகக் கொள்ளவேண்டும்.