ஏட்டு விலையும் இன்றைய விலையும்

கணக்கு எழுதுபவர் கையில் இரண்டு விலைகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு பொருளை வாங்கிய அன்று கொடுத்த விலை. மற்றொன்று, அதனை இன்று விற்றால் கிடைக்கக்கூடிய விலை. நிலத்திலும் நகையிலும் இவ்விரண்டும் வேறுபடும் என்பதை யாவரும் அறிவர். பங்கு, கடன் பத்திரம், புரோநோட்டு ஆகிய காகிதச் சொத்துக்களிலும் இவ்வேற்றுமை உண்டு. ஆனால் அது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. ஆயிரம் ரூபாய்ப் புரோநோட்டைப் பெட்டியில் வைத்திருப்பவர் தம்மிடம் ஆயிரம் ரூபாய் இருப்பதாகவே எண்ணுகிறார். கடன் வாங்கியவரின் கிணறு வற்றிப் பயிர் கருகி, அவர் கைவிரித்த பின்னும் காகிதத்தில் எழுதிய எண் மாறுவதில்லை. மாறியது அதன் மதிப்பே. இவ்வேற்றுமையைக் கம்பெனிகள் தம் கணக்கில் காட்டக் கற்றுக்கொண்ட வரலாறு, பலருடைய சேமிப்பை விலையாகக் கொடுத்துப் பெற்ற வரலாறாகும்.

நம் மாகாணத்திலிருந்தே தொடங்குவோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பாரி, பின்னி, அர்பத்நாட் என்னும் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் பெரும்புகழுடன் விளங்கின. அர்பத்நாட் கம்பெனி வாணிபத்தோடு வங்கித் தொழிலையும் நடத்திற்று. அதன் பெயரை நம்பி, சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களும் தம் பணத்தை அங்கே வட்டிக்குப் போட்டனர். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அந்நிறுவனம் கொடுக்கல் வாங்கலை நிறுத்தி, மஞ்சள் கடுதாசி கொடுத்தது. லண்டனில் அதன் கூட்டாளியாகிய மக்ஃபாடியன் நடத்திய நிறுவனமும் உடன் வீழ்ந்தது. துணிச்சலான ஊக வாணிபத்தில் இறங்கியிருந்த அவர் ரயிலின் கீழ் விழுந்து மாண்டார். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் விசாரிக்கப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பணம் போட்டவர்களுக்காக வழக்காடியவர்களுள் முதன்மையானவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவரும் அவருடைய நண்பர்களும் முயன்றதன் பயனாக 1907 மார்ச் 5-ஆம் நாள் இந்தியன் வங்கி பதிவு பெற்று, அவ்வாண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் தொழில் தொடங்கிற்று.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. இத்தகைய நிறுவனத்தின் சொத்து, அதன் கடனுக்கு ஈடாகாத நிலை ஒரே நாளில் உண்டாவதன்று. கதவு மூடிய நாளில்தான் அது ஊருக்குத் தெரிகிறது. மதிப்புக் குறைந்த நாளுக்கும் அது வெளிப்பட்ட நாளுக்கும் இடையில் எத்தனை பேர் புதிதாகப் பணம் கொண்டுவந்து போடுகின்றனர்! அந்த இடைவெளியே ஏழையின் சேமிப்பை விழுங்கும் பள்ளம்.

அப்படியானால் எல்லாக் கம்பெனிகளும் தம் சொத்துக்களை அன்றன்றைய விலைக்கே ஐந்தொகையில் எழுதிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வழியிலும் இடர் உண்டு. அமெரிக்காவில் 1920-களில் பல கம்பெனிகள் தம் சொத்தின் மதிப்பைத் தாமே உயர்த்தி எழுதிக்கொண்டன. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தபோது அந்த உயர்வெல்லாம் காற்றாய்ப் பறந்தது. 1934-இல் அந்நாட்டில் பங்குச் சந்தையைக் கண்காணிக்க ஓர் ஆணையம் ஏற்பட்டது. வாங்கிய விலையையே எழுதவேண்டும் என்ற கொள்கையை அது நெடுங்காலம் வற்புறுத்தி வந்தது. வாங்கிய விலையை ரசீது கொண்டு மெய்ப்பிக்கலாம். அதில் கற்பனைக்கு இடமில்லை.

ஆனால் அந்த உறுதியான எண்ணும் காலப்போக்கில் பொய் சொல்லக்கூடும். எடுத்துக்காட்டாக, ஓராண்டில் 105 ரூபாய் தரும் கடன் பத்திரம் ஒன்றை 100 ரூபாய்க்கு வாங்கினீர்கள். மறுநாளே நாட்டில் வட்டி விகிதம் நூற்றுக்குப் பத்தாக உயர்ந்துவிட்டது. இனி அப்பத்திரத்தை 100 ரூபாய்க்கு யார் வாங்குவார்? 105-ஐ 1.10-ஆல் வகுத்துப் பாருங்கள்; ஏறத்தாழ 95 ரூபாய் 45 காசுதான் வரும். ஏட்டில் 100, கடைவீதியில் 95. ஏமாற்றுக்காரர் எவரும் இதில் இல்லை. ஆயினும் ஏடு உண்மை சொல்லவில்லை.

நம் நாட்டில் இதனை இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு உணர்த்தியது யூனிட் டிரஸ்டின் ‘யூனிட் 64’ திட்டம். 1964-இல் தொடங்கிய அத்திட்டத்தில் நடுத்தர வகுப்பினர் மிகுந்த நம்பிக்கையுடன் பணம் போட்டனர். யூனிட்டின் விற்பனை விலையையும் திரும்பப் பெறும் விலையையும் நிர்வாகமே அறிவித்து வந்தது. கைவசமிருந்த பங்குகளின் அன்றைய சந்தை விலையோடு அது நேராகப் பிணைக்கப்படவில்லை. சந்தை இறங்கியது, அறிவித்த விலை அதனுடன் இறங்கவில்லை. இறுதியில் 2001 ஜூலையில், யூனிட்டை விற்பதும் திரும்பப் பெறுவதும் ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டன. பின்னர்ச் சொத்தின் உண்மை மதிப்பை வெளியிட்டபோது, யூனிட் ஒன்றின் மதிப்பு முகவிலையாகிய 10 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அரசாங்கம் கைகொடுக்கவேண்டியதாயிற்று. முன்கூட்டி விலகியவர் உயர்ந்த விலை பெற்றனர். நம்பி இருந்தவரே சுமையைத் தாங்கினர். தவறான மதிப்பு எப்பொழுதும் ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்குக் கொடுக்கிறது என்பதை மறவாதீர்கள்.

இத்தகைய அனுபவங்கள் பல நாடுகளிலும் திரண்டு ‘நியாய மதிப்பு’ என்னும் கொள்கை உருவாயிற்று. அதற்குரிய அனைத்துலகக் கணக்கியல் தரம் 2011-இல் வெளியிடப்பட்டது. இந்தியாவில் அதற்கு இணையான விதிகள் 2015-இல் அறிவிக்கப்பட்டு, 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரல் முதல் கட்டாயமாயின. வங்கிகள் அப்பொழுது இவற்றுள் சேர்க்கப்படவில்லை. கணக்கெடுக்கும் நாளில், சந்தையில் ஒழுங்காக நடைபெறும் கொடுக்கல் வாங்கலில், சொத்தை விற்றால் கிடைக்கும் விலையே அதன் நியாய மதிப்பு. கடனைப் பிறர் ஏற்றுக்கொள்வதற்கு நாம் கொடுக்கவேண்டிய விலையே அக்கடனின் நியாய மதிப்பு.

இதில் ‘கணக்கெடுக்கும் நாள்’, ‘ஒழுங்காக’ என்னும் சொற்களை நன்கு கவனியுங்கள். திருத்தணியில் ஆடிக் கிருத்திகையன்று மலைக்குப் பூக்காவடிகள் வரிசை வரிசையாக வரும். அன்று பூவின் விலை ஏறும். அது அன்றைய விலைதான். அதைக் கொண்டு அடுத்த வாரத்துப் பூவை மதிக்கலாகாது. அதுபோலவே, ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள தம் ஊருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பூக்காரி, எஞ்சிய கூடையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டால், அந்த அவசர விலையும் நியாய மதிப்பாகாது.

மதிப்பிடும் முறைகளையும் மூன்று படிகளாக வகுத்துள்ளனர். அதே பங்குக்கு அன்றாடம் சந்தையில் விலை இருந்தால் அதுவே முதற்படி, இதில் ஐயமில்லை. அத்தகைய விலை இல்லையெனில், ஒத்த பத்திரங்களின் விலையையும் நிலவும் வட்டி விகிதத்தையும் கொண்டு கணிப்பது இரண்டாம் படி. அதுவும் இயலாதபோது, கம்பெனி தன் மதிப்பீடுகளைக் கொண்டு கணிப்பது மூன்றாம் படி. கீழே இறங்க இறங்க வெளிச்சம் குறைகிறது. ஆகவே எத்தனை ரூபாய்ச் சொத்து எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கம்பெனி வெளிப்படையாக எழுதவேண்டும். எல்லாக் காகிதச் சொத்தும் இவ்வாறு மதிக்கப்படுவதில்லை. விற்கும் நோக்கமின்றி, அசலையும் வட்டியையும் வசூலிப்பதற்காகவே வைத்திருக்கும் கடன்களை வேறொரு முறையில் எழுதலாம். ஆயினும் வசூலாகாமற் போகக்கூடிய பகுதியை முன்னரே கழித்துக் காட்டவேண்டும்.

கடனைச் சந்தை விலைக்கு மதிப்பதில் ஒரு விந்தையும் உண்டு. ஒரு கம்பெனியின் பெயர் கெட்டால் அதன் 100 ரூபாய்க் கடன் பத்திரம் 80 ரூபாய்க்கு இறங்கும். அக்கடனை 80 என்று எழுதினால், பெயர் கெட்டதனாலேயே 20 ரூபாய் இலாபம் வந்ததுபோலத் தோன்றும்! இம்மயக்கத்தைத் தவிர்க்கவே, 2014-இல் நிறைவு செய்யப்பட்ட விதிகள், அத்தொகையைப் பொதுவாக இலாபத்தில் சேர்க்காமல் தனி இனத்தில் காட்டச் சொல்கின்றன.

எந்த விதியும் நேர்மைக்கு மாற்றாகாது. 2001-இல் வீழ்ந்த அமெரிக்காவின் என்ரான் கம்பெனி, வருங்கால இலாபத்தைத் தானே கணித்து இன்றைய வருமானமாக எழுதிக்கொண்டது. பழைய விலையின் பின்னே இழப்பு ஒளிந்தது போலவே, புதிய கணிப்பின் பின்னே பொய் ஒளிந்தது. அளவுகோலைச் செப்பமாகச் செய்யலாம். அதைப் பிடிக்கும் கை நடுங்காதிருக்கவேண்டும்.

நாளை உங்களில் பலர் பங்கு வாங்குவீர்கள். சிலர் கணக்கு எழுதுவீர்கள். ஐந்தொகையில் ஓர் எண்ணைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்த நாளின் விலை? எவ்வாறு கணித்த விலை? இன்று இவ்விலைக்கு வாங்குவார் உண்டா? 1906-இல் சென்னையில் பணத்தை இழந்தவர்களுக்கு இவற்றைக் கேட்கும் வாய்ப்பு இருக்கவில்லை. இன்று கம்பெனியின் ஆண்டறிக்கையில் விடைகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பொறுமையுடன் படிப்பவருக்கே அவை பயன்படும்.